தன்னார்வத் தலைவர்களுக்கு ஓர் இலவசக் கருவிப்பெட்டி: எதை எடுத்துக்கொண்டேன், எதை ஓரம் வைத்தேன்

கம்யூனிட்டி டூல் பாக்ஸ் என்பது அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள ஒரு மையம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் வழிகாட்டித் தொகுப்பு. 1990களின் நடுவில் தொடங்கியது. சமுதாய ஆரோக்கியத்துக்காக ஊர் கூடி வேலை செய்பவர்கள்தான் அதன் வாசகர்கள். மொத்தம் 46 அத்தியாயங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் பல பகுதிகள். கூட்டம் நடத்துவது முதல் நிதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது வரை எல்லாம் உள்ளே இருக்கிறது. லாகின் கிடையாது, விளம்பரம் கிடையாது.

நான் தொழிலில் கணக்கு பார்ப்பவன். மீதி நேரத்தில் ஒரு சுகாதார–இளைஞர் கூட்டமைப்பின் வழிநடத்தும் குழுவுக்குத் தலைவர். குழுவில் இருக்கும் செவிலியர், ஆசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், பெற்றோர், பள்ளிப் பிள்ளைகள் யாருக்கும் சம்பளம் இல்லை. எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் தொகுப்பு எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டும்தான் இங்கே எழுதுகிறேன். சம்பளத்துக்கு ஒருங்கிணைப்பாளர் வைத்திருக்கும் அமைப்புகளுக்கு என் மதிப்பீடு பொருந்தாமல் போகலாம்.

முதல் விஷயம், இதை முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்காராதீர்கள். ஏறக்குறைய எல்லாப் பகுதிகளும் ஒரே வரிசையில் போகின்றன: இது என்ன, ஏன் செய்ய வேண்டும், யார் செய்யலாம், எப்போது, எப்படி. ராத்திரி சாப்பிட்டு முடித்துப் படிக்க உட்காருபவருக்கு "கூட்டம் ஏன் நடத்த வேண்டும்" என்ற விளக்கம் தேவையில்லை. நேராக "எப்படி" என்ற இடத்துக்கு இறங்கிவிடுங்கள். இன்னும் அவசரம் என்றால், பக்கத்தின் மேலே தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கும் சரிபார்ப்புப் பட்டியலையும் மாதிரிப் படிவங்களையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியல்தான் இந்தத் தொகுப்பின் உயிர். நீளமான கட்டுரை அதற்குப் பின்னணி, அவ்வளவுதான்.

எங்களுக்கு முதலில் கைகொடுத்தது 16-ஆம் அத்தியாயம். கூட்டத்தை நடத்துவது, பேச்சை நெறிப்படுத்துவது, சொல்வதைப் பதிவு செய்வது, குழு விவாதத்தை வழிநடத்துவது என்று நான்கு பகுதிகள். நேரத்துக்குத் தொடங்கு, நேரத்துக்கு முடி என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்குப் பிடித்தது, பேச்சு திசை மாறும்போது அந்த விஷயத்தைத் தூக்கி எறியாமல் தனித் தாளில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எழுதி வைக்கும் உத்தி. எங்கள் குழுவில் ஒரு பெரியவர் இருக்கிறார். எந்தக் கூட்டமானாலும் குடிநீர்க் குழாயில்தான் வந்து நிற்பார். அவர் சொல்வது நியாயமான புகார், ஆனால் அன்றைய அஜெண்டாவில் இருக்காது. முன்பெல்லாம் அவரை யாராவது மறித்துப் பேச, அவர் குரல் உயர, அரை மணி நேரம் ஓடிவிடும். இப்போது சுவரில் ஒட்டிய சார்ட் தாளில் "குடிநீர்க் குழாய்" என்று அவர் கண்ணெதிரிலேயே எழுதுகிறோம். அவரும் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்தத் தாளைக் கூட்டம் முடிவதற்குள் யாராவது எடுத்துப் பேச வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அதைச் செய்யாவிட்டால் இரண்டாவது கூட்டத்திலேயே யாரும் நம்பமாட்டார்கள்.

அப்புறம் 8-ஆம் அத்தியாயம், திட்டமிடல். கனவு, பணி நோக்கம், இலக்குகள், உத்திகள், செயல்திட்டம் என்று ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். முதல் இரண்டு படிகளில் எங்கள் குழு சுகமாக இரண்டு கூட்டங்களைக் கழித்தது. அழகான வாசகம் எழுதுவதில் எல்லோருக்கும் ஆசை இருக்கத்தானே செய்யும்! உண்மையான சண்டை இலக்கில்தான் வந்தது. "இளைஞர்களிடையே விழிப்புணர்வு ஏற்படுத்துவது" என்று பழைய நோட்டில் ஒரு வரி இருந்தது. கணக்கு பார்க்கிற எனக்கு அந்த வரியைப் பார்த்தாலே எரிச்சல் வரும். ஏற்பட்டதா இல்லையா என்று யார் எப்படிச் சொல்வது? இந்தத் தொகுப்பு இலக்கு என்றால் குறிப்பாக, அளக்கக்கூடியதாக, முடியக்கூடியதாக, பொருத்தமானதாக, காலவரையோடு இருக்க வேண்டும் என்கிறது. கூடவே கொஞ்சம் சவாலாகவும் இருக்கட்டும் என்று ஆறாவதாக ஒன்றைச் சேர்க்கிறது. அந்த ஆறையும் பலகையில் எழுதி வைத்துக்கொண்டு பேசினோம். முடிவில் வந்த இலக்கு: இந்தக் கல்வியாண்டு முடிவதற்குள், பள்ளியைச் சுற்றிச் சிறுவர்களுக்கு சிகரெட் விற்கும் கடைகளின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைப்பது. இதை எண்ணிப் பார்க்கலாம். தோற்றால் தோற்றோம் என்று தெரியும்.

செயல்திட்டப் படிவத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து பத்திகள்: என்ன நடக்க வேண்டும், யார் செய்வார், எப்போதுக்குள், என்னென்ன தேவை, யாருக்கெல்லாம் தெரிய வேண்டும். முதல் மூன்றை எந்தக் குழுவும் போட்டுவிடும். கடைசிப் பத்தி உபரி மாதிரி தோன்றும். தன்னார்வக் குழுவுக்கு ஐந்திலும் அதுதான் முக்கியம் என்பேன். ஒரு மாலை நேர விளையாட்டு நிகழ்ச்சிக்குப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், செவிலியர் வந்துவிட்டார், பி.பி. பார்க்கும் கருவியும் வந்துவிட்டது. மைதானத்துச் சாவி வரவில்லை. சாவி வைத்திருப்பவருக்குத் தேதியை யாரும் சொல்லவே இல்லை. அனுமதிக் கடிதம் மட்டும் மேலிடத்தில் பத்திரமாக இருந்தது. வேலையே இதுதான் என்று இருக்கும் ஊழியர் என்றால் போகிற வருகிற வழியில் இதையெல்லாம் சொல்லிவிடுவார். மாதம் ஒருமுறை சந்திக்கிறவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால் இப்போது ஐந்தாம் பத்தி காலியாக இருந்தால் அந்த வரியை நான் மினிட்ஸில் ஏற்றுவதே இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, நிர்வாகக் குழுவில் இளைஞர்களைச் சேர்ப்பது பற்றிய பகுதி. பெயரில் "இளைஞர்" என்று போட்டுக்கொண்டு, மேடையில் பூங்கொத்து கொடுக்க மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடும் அமைப்புகளைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பகுதி நடைமுறையில் இறங்கிப் பேசுகிறது. கூட்ட நேரம் பள்ளி நேரத்தோடு மோதக்கூடாது, வந்து போக வழி செய்ய வேண்டும், முன்கூட்டியே விஷயங்களை விளக்கப் பெரியவர் ஒருவர் துணையாக இருக்க வேண்டும் என்ற மாதிரியான யோசனைகள். நாங்கள் இரண்டு இடங்கள் ஒதுக்கினோம். ஒரே ஒரு பிள்ளையைப் பெரியவர்களுக்கு நடுவே உட்கார வைத்தால் அது வாயைத் திறக்காது. இரண்டு பேர் இருந்தால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டாவது பேசிவிடுவார்கள்.

பலன் எதிர்பாராத இடத்தில் வந்தது. புகையிலைப் பழக்கம் பற்றிப் பள்ளியில் ஒரு கேள்வித்தாள் கொடுக்கலாம் என்று பெரியவர்கள் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தோம். பதினொன்றாம் வகுப்புப் பெண் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதை க்ளாஸ் டீச்சர் வாங்கி அடுக்குவாங்கன்னா ஒருத்தரும் உண்மையை எழுத மாட்டாங்க சார்" என்றாள். பக்கத்தில் இருந்த பையன், "கையெழுத்தைப் பாத்தே யாருன்னு கண்டுபிடிச்சுடுவாங்க" என்று சேர்த்துக்கொண்டான். அதோடு தாள் முழுக்க மாறியது. பெயர் இல்லை, எழுதிப் பதில் சொல்லும் கேள்வி ஒன்றுகூட இல்லை, எல்லாம் டிக் அடிப்பது மட்டும். மடித்துப் பூட்டிய பெட்டியில் போட வேண்டும், பெட்டியைப் பள்ளிக்கு வெளியே திறக்க வேண்டும். செவிலியரும் ஆசிரியரும் நானும் சேர்ந்து யோசித்தும் எங்களுக்குத் தோன்றாத விஷயம் இது. இப்படி மாற்றச் சொன்னவர்கள் இரண்டு பேரும் அடுத்த துணைக்குழுவில் வாக்குரிமையோடு இருக்கிறார்கள்.

இந்தப் பகுதியோடு சேர்த்து ரோஜர் ஹார்ட் 1992-ல் யூனிசெஃபுக்காக எழுதிய பங்கேற்பு ஏணியையும் பார்த்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு உண்மையில் எவ்வளவு பங்கு கிடைக்கிறது என்று காட்டும் எட்டுப் படிகள்; மேலே போகப் போகப் பங்கு கூடும். கீழ் மூன்று படிகளையும், அதாவது பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரமாக நிறுத்துவது, பேருக்கு உட்கார வைப்பது ஆகியவற்றை, பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கிவிடுகிறார். குழுவில் அதை வரைந்து "நாம் எந்தப் படி?" என்று கேட்டேன். பெரியவர்கள் ஆறு என்றார்கள், பிள்ளைகள் மூன்று என்றார்கள். அன்றைக்குக் கூட்டம் நேரத்துக்கு முடியவில்லை.

கூட்டமைப்பை உருவாக்குவது பற்றிய பகுதி 5-ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதில் தடைகளாகச் சிலவற்றைச் சொல்கிறார்கள்: யார் எல்லைக்குள் யார் வருவது என்ற உரசல், பழைய கசப்பு, படித்த நிபுணர்களே பேசி முடித்துவிடுவது, மக்களோடு தொடர்பு அறுந்து போவது, உள்ளிருந்து புதிய தலைவர்களை வளர்க்காமல் விடுவது. பணம் என்ற தடையை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்: குறைவாக இருந்தாலும் தொல்லை, அதிகமாக இருந்தாலும் தொல்லை. இதை வெளிப்படையாக எழுதியதற்கே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுப்பேன். கையில் காசு இல்லாதபோது ஒற்றுமையாக இருந்த குழுக்கள், நிதி வந்ததும் ரசீதுக்காக முறைத்துக்கொள்வதைத் தொழில் முறையிலேயே பார்த்திருக்கிறேன். பணத்தை நிர்வகிப்பது பற்றி 43-ஆவது அத்தியாயம் இருக்கிறது. பொருளாளர் பதவிக்குப் புதிதாக வருபவருக்குப் போதும். கணக்கு தெரிந்தவர்களுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

இனி குறைகள். மதிப்பீடு பற்றி 36 முதல் 39 வரை நான்கு அத்தியாயங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பல்கலைக்கழகத்துக்காரர்கள் எழுதியது என்பது இங்கே நன்றாகவே தெரிகிறது. சம்பள ஊழியரும் ஆராய்ச்சிக் கூட்டாளியும் உள்ள அமைப்புக்கு அது பொக்கிஷம். எங்களுக்கு அதில் கால்வாசி போதும், ஆனால் எந்தக் கால்வாசி என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. தன்னார்வலர்களுக்கென்று "இவ்வளவு செய்தால் போதும்" என்ற கோடு தொகுப்பில் எங்குமே எனக்குக் கண்ணில் படவில்லை. எல்லாவற்றையும் செய்யச் சொல்லும் தோரணை இருக்கிறது. படித்துவிட்டு உற்சாகமாக வந்த எங்கள் துணைத்தலைவர் ஒரே மாதத்தில் நான்கு துணைக்குழுக்கள் அமைக்கச் சொன்னார். ஆட்களை எண்ணிப் பார்த்தால், ஒரே ஐந்து பேர்தான் நான்கிலும் இருந்தார்கள். சரி, ஒன்று போதும் என்று நிறுத்தினோம்.

எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்க ஊர்களிலிருந்து வந்தவை. படிக்கலாம், அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்பானிஷ், அரபு போன்ற மொழிகளில் உள்ளடக்கம் இருக்கிறது, தமிழில் இல்லை. நாங்கள் தேவையான பட்டியல்களை மட்டும் தமிழில் எழுதி, ஒரு பக்கத் தாளாக உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறோம். வணிக நோக்கம் இல்லாமல், மூலத்தைக் குறிப்பிட்டு, அதே நிபந்தனையில் பகிர்ந்துகொள்ள அவர்களின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இடம் கொடுக்கிறது. அதனால் அச்சடித்து விநியோகிக்கத் தயங்க வேண்டாம். தாளின் அடியில் மூலத்தின் பெயர் கட்டாயம் இருக்கட்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். புதிதாகத் தலைமைக்கு வருபவர் முதல் ஆண்டில் தொட வேண்டியவை: கூட்டம் நடத்தும் 16-ஆம் அத்தியாயம், செயல்திட்டப் படிவம், இளைஞர்களைச் சேர்க்கும் பகுதி, 5-ஆம் அத்தியாயத்தின் தடைகள். தன்னார்வலர்களைச் சேர்ப்பது பற்றிய 11-ஆம் அத்தியாயத்தை ஆள் பற்றாக்குறை வரும்போது திறந்தால் போதும். முயற்சியைத் தொடர்ந்து நிலைநிறுத்துவது பற்றிய கடைசி அத்தியாயத்தை நான் இன்னும் முழுதாகப் பார்க்கவில்லை. அடுத்த தலைவரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் முன் துணைத்தலைவரோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். அவரிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், துணைக்குழு எதுவும் கேட்கக்கூடாது என்று.