என்.எச்.எஸ் பணம் நம் சங்கத்துக்கு எந்த வாசலால் வர வேண்டும்? மானியம், ஒப்பந்தம், துணை ஒப்பந்தம், கூட்டணி இருக்கை

லண்டனின் ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ வாரத்தில் ஒருநாள் முதியோரைக் கூட்டி, மதியச் சாப்பாடு கொடுத்து, கதைத்துச் சிரிக்க வைத்து அனுப்பும் தமிழ்ச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தனிமை, நீரிழிவு, மறதி நோய் என்று ஜி.பி.யின் (குடும்ப மருத்துவரின்) வாசலில் போய் நிற்கும் பாதிப் பிரச்சினைகள் முதலில் கண்ணில் படுவது இந்த மண்டபத்தில்தான். இங்கிலாந்தின் அரசு சுகாதார அமைப்பான என்.எச்.எஸ்ஸுக்கும் இது தெரியும். 2022ஆம் ஆண்டின் சுகாதார, பராமரிப்புச் சட்டத்தின்படி அந்த ஆண்டு ஜூலை 1 அன்று வட்டார என்.எச்.எஸ் பணத்தைப் பங்கிடும் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் (ஐ.சி.பி) பொறுப்பேற்றன. தன்னார்வ அமைப்புகளைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்யுங்கள் என்று அவற்றுக்கு வழிகாட்டுதலும் உண்டு. ஆனால் வாரியத்தில் யார் இருக்க வேண்டும் என்று சொல்லும் இடத்தில் அதே சட்டம் மருத்துவமனை டிரஸ்டுகள், ஜி.பி.க்கள், கவுன்சில்கள் ஆகியோரின் பிரதிநிதிகளைக் கட்டாயமாக்கியது. தன்னார்வ அமைப்புகளுக்கு அப்படி ஓர் இடம் ஒதுக்கவில்லை. ஆகவே பணம் வரும் வழியை நாமே தெரிந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது.

எந்த வழியானாலும் கணக்கு முந்தி வர வேண்டும். பல சங்கங்கள் இங்கேதான் சறுக்குகின்றன.

ஒரு மதியக் கூடலின் உண்மை விலை

மாதிரிக்கு: 30 பேர், வாரம் ஒருநாள், ஆண்டுக்கு 50 வாரம். வாரம் இரண்டு நாள் வேலை செய்யும் ஒருங்கிணைப்பாளர் (முழுநேரச் சம்பளம் 28,000 பவுண் என்றால்) 11,200. ஓய்வூதியத்துக்கு முதலாளி பங்கு, 6,240க்கு மேற்பட்ட தொகையில் 3 சதவீதம், 149. மண்டபம் நான்கு மணிநேரம், மணிக்கு 25 வீதம், 5,000. சாப்பாடு தலைக்கு 4 வீதம் 6,000. மினிபஸ் 3,000. எட்டுத் தொண்டர்களுக்குப் பயணச் செலவு ஆறு பவுண் வீதம் 2,400. காப்புறுதி, கணக்காளர், பயிற்சி 1,500. மொத்தம் 29,249. இதற்கு மேல் தலைமை அலுவலகச் செலவு, அதாவது போன், கணினி, டிரஸ்டிகளின் கூட்டம், அறிக்கை எழுதும் நேரம் என 15 சதவீதம் வைத்தால் 4,387. ஆக 33,636 பவுண். ஒரு தலைக்கு ஒரு நாளைக்கு 22 பவுண் 42 பென்ஸ்.

முதலாளி செலுத்தும் தேசியக் காப்புறுதி 2025 ஏப்ரலில் 15 சதவீதமாக ஏறியது; 9,100இல் இருந்த வரம்பு 5,000க்கு இறங்கியது. இந்தச் சம்பளத்துக்கு அது 930 பவுண். ஆனால் அதே மாதம், அந்தக் காப்புறுதித் தொகையில் கழித்துக்கொள்ளும் வேலைவாய்ப்புச் சலுகை 10,500 ஆக உயர்ந்தது, தொண்டு நிறுவனங்களும் அதைக் கோரலாம். ஓரிரு ஊழியர் மட்டும் உள்ள சங்கத்துக்கு 930 பூச்சியமாகிவிடும். அதனால்தான் மேலே அதைச் சேர்க்கவில்லை. சலுகை தானாக வராது, சம்பளக் கணக்கு மென்பொருளில் குறி போட வேண்டும்.

"எங்களுக்குத் தொண்டர்கள் இருக்கிறார்கள், செலவே இல்லை" என்று விண்ணப்பத்தில் எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அடுத்த ஆண்டு அந்தத் தொகையையே உங்கள் விலையாக எடுத்துக்கொள்வார்கள்.

மானியம்

சிறு சங்கத்துக்கு இதுதான் இலகுவான சட்டை. மொத்தத் தொகை வரும், பெரும்பாலும் முன்கூட்டியே. வாட் வரியின் எல்லைக்குள் வராது. 30 பேருக்குப் பதில் 20 பேர் வந்தாலும் விளக்கம் கேட்பார்களே தவிர, அந்த வாரமே பணத்தைக் குறைக்க மாட்டார்கள். கணக்கில் இதைக் குறித்த நோக்கத்துக்கான நிதியாகத் தனியே காட்ட வேண்டும். கோவில் திருவிழாச் செலவுக்கு எடுத்துவிட்டுப் பிறகு வைக்கும் பழக்கம் இங்கே ஆபத்து.

கெடுவது எங்கே? காலத்தில். நிதியாண்டு மார்ச் 31இல் முடியும். மிச்சப் பணத்தைச் செலவழிக்கும் அவசரத்தில் ஜனவரியில் அறிவிப்பு, பெப்ரவரியில் விண்ணப்பம், மார்ச்சில் பணம் என்று வரும். ஆளை எடுத்துப் பழக்குவதற்குள் பாதி ஆண்டு போய்விடும். அடுத்த மார்ச் நெருங்கும்போது அந்த ஆள் வேறு வேலை தேடத் தொடங்கியிருப்பார். மானியம் கிடைத்த நாளிலிருந்து 12 மாதம் என்று எழுதித் தரும்படி கேளுங்கள், நிதியாண்டு முடிவு என்று அல்ல. பெரும்பாலும் கேட்டால் கிடைக்கும் ஒரு சலுகை இது. செலவழியாத தொகையைத் திருப்பிக் கேட்கும் விதி எந்தச் சூழ்நிலையில் பாயும் என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பாருங்கள்.

நேரடி ஒப்பந்தம்

ஒப்பந்தம் என்றால் மரியாதை, நீண்ட காலம், நிலையான வருமானம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. காலம் நீளம்தான், சுமையும் அதற்கேற்ற நீளம்.

முதலில் எந்த விதிக்குள் வருகிறோம் என்று பார்க்க வேண்டும். சுகாதார சேவைகளை என்.எச்.எஸ் வாங்குவதற்கு 2024 ஜனவரி 1 முதல் தனி முறை உண்டு (பி.எஸ்.ஆர்). அதில் தொகை வரம்பு கிடையாது, சின்ன ஒப்பந்தமும் அதற்குள்தான். எப்போதும் போட்டி வைக்க வேண்டியதில்லை. தரம், பெறுமதி, ஒருங்கிணைப்பு, ஏற்றத்தாழ்வைக் குறைத்தல், சமூகப் பயன் ஆகிய அடிப்படைகளில் பொருத்தமானவரை நேரடியாகத் தெரிவு செய்யவும் வழி உண்டு. முடிவு அறிவித்தபின் சில தெரிவு முறைகளில் எட்டு வேலைநாள் காத்திருப்புக் காலம் இருக்கும். தவறு நடந்ததாக நினைத்தால் எழுத்தில் கேட்க வேண்டியது அந்த எட்டு நாளுக்குள். மாதாந்தக் குழுக் கூட்டம் வரட்டும் என்று இருந்தால் கதை முடிந்தது. வெறும் மதியக் கூடல் சுகாதார சேவை ஆகாது; அது 2025 பெப்ரவரி 24 முதல் நடைமுறையில் உள்ள 2023ஆம் ஆண்டின் கொள்முதல் சட்டத்தின் பக்கம் போகும்.

அடுத்தது பணம் கொடுக்கும் விதம். தலைக்கு இவ்வளவு என்ற ஒப்பந்தத்தில் மேலே போட்ட கணக்கை மறுபடி ஓட்டுங்கள். மாரியில் வருகை 20 ஆகக் குறைந்து ஆண்டு முழுக்க அப்படியே நின்றால் சாப்பாட்டில் 2,000 மிச்சம், வேறெதுவும் குறையாது. செலவு 31,636, வருமானம் 1,000 தலைக்கு 22,420. துண்டு விழுவது 9,216 பவுண். ஆளனுப்பும் பொறுப்பு ஜி.பி.யிடம், ஆள் வராத நட்டம் உங்களிடம்! நிலையான மாதத் தொகை, அதற்கு மேல் வருகைக்கு ஏற்ப ஒரு சிறு பகுதி என்று பேசி வாங்க முடியாவிட்டால் விலகுவதே நல்லது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்கூட்டிப் பணம், அதன் மேல் 30 நாள் தவணை என்றால் நான்கு மாதச் செலவு, ஏறக்குறைய 11,200 பவுண், கையில் இருக்க வேண்டும்.

பிறகு காகிதங்கள். என்.எச்.எஸ் நோயாளிகளின் தகவலைத் தொடுவோர் தரவுப் பாதுகாப்புச் சுயமதிப்பீட்டை (டி.எஸ்.பி.டி) ஆண்டுதோறும் ஜூன் 30க்குள் பதிய வேண்டும். முதல் தடவை வாரக்கணக்கில் நேரம் தின்னும்; பரிந்துரைப் படிவம் டிரஸ்டியின் சொந்த ஜிமெயிலுக்கு வரும் சங்கம் முதலில் அதை மாற்ற வேண்டும். ஊழியர் இருந்தால் முதலாளி பொறுப்புக் காப்புறுதி சட்டப்படி குறைந்தது 5 மில்லியன் பவுணுக்கு. தொண்டர்களின் டி.பி.எஸ் (குற்றப் பின்னணி) சோதனைக்கு அரசுக் கட்டணம் இல்லை, இடைநிலை நிறுவனத்தின் சேவைக் கட்டணம் மட்டும். வேறொரு நிறுவனம் நடத்திய சேவையை எடுத்துக்கொண்டால் டியூப்பி (ஊழியர் இடமாற்றப் பாதுகாப்பு) விதிப்படி அதன் ஊழியரும் பழைய நிபந்தனைகளோடு உங்களிடம் வரலாம். விலை போடுமுன் அந்தச் சம்பளப் பட்டியலைக் கேளுங்கள்.

பழைய மாணவர் சங்கங்கள் பலவற்றுக்கு இதைவிடப் பெரிய ஒரு பொறி உண்டு. பதிவுபெற்ற கம்பனியாகவோ, தனிச் சட்ட ஆள்தன்மை உள்ள தொண்டு அமைப்பான சி.ஐ.ஓ.வாகவோ இல்லாத சங்கத்துக்குச் சட்டத்தில் தனி ஆள்தன்மை இல்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தலைவரும் செயலாளரும் தங்கள் வீட்டையே பிணை வைத்த மாதிரி. சி.ஐ.ஓ.வாக மாறிய பின்பே ஒப்பந்தம்.

முதன்மை நிறுவனத்தின் கீழ்

ஒரு பெரிய நிறுவனம் ஒப்பந்தத்தை எடுக்கும், சிறியவை அதன் கீழ் வேலை செய்யும். இதற்கு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது தெற்கு யோர்க்ஷயரின் ரொதரம். 2012 முதல் அங்கே வாலண்டரி ஆக்‌ஷன் ரொதரம் என்ற குடை அமைப்பு சமூகப் பரிந்துரைச் சேவையை, அதாவது நோயாளிகளை உள்ளூர்க் குழுக்களிடம் அனுப்பும் சேவையை, நடத்துகிறது. சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம், தரவு, அறிக்கை எல்லாம் குடை அமைப்பின் தலையில். கீழே உள்ள உள்ளூர்க் குழுக்களுக்குப் போவது மானியம். வேலையின் பாரத்தையும் காகிதத்தின் பாரத்தையும் பிரித்துவிட்டார்கள் என்பதே இதன் சூட்சுமம். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் பவுணுக்குக் குறைந்த சங்கத்துக்கு நான்கு வழிகளிலும் இதையே முதலில் சொல்வோம்.

முதன்மை நிறுவனம் தன் தலையில் உள்ள ஒப்பந்தத்தின் எல்லா விதிகளையும் அப்படியே உங்கள் மேல் இறக்கிவிட்டால் அந்தச் சூட்சுமம் போய்விடும். அது துணை ஒப்பந்தம் என்ற பெயரில் நேரடி ஒப்பந்தமே, அதுவும் குறைந்த விலைக்கு. கையெழுத்துக்கு முன் இவற்றைக் கேளுங்கள்: நிர்வாகக் கட்டணமாக எத்தனை சதவீதம் எடுக்கிறீர்கள், அதற்கு என்ன செய்து தருகிறீர்கள்? ஆட்கள் வராவிட்டாலும் குறைந்தபட்சத் தொகை உண்டா? உங்களுக்குப் பணம் வந்தால்தான் எங்களுக்கா? ஒப்பந்தம் முறிந்தால் எங்கள் ஊழியரின் பணிநீக்கக் கொடுப்பனவு யாருடைய செலவு? விண்ணப்பத்தில் "தமிழ்ச் சமூகத்தோடு பங்காளித்துவம்" என்று உங்கள் பெயரைப் போட்டு வென்றபின் ஒருவரையும் அனுப்பாமல் விடுவது நடக்கிற காரியம். எனவே பெயரைக் கொடுக்கும்போதே தொகையையும் எழுத்தில் வாங்குங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று லிங்க் வொர்க்கர், அதாவது ஜி.பி.யிடம் வருபவரை உள்ளூர்க் குழுக்களோடு இணைத்துவிடும் ஊழியர். 2019இலிருந்து ஜி.பி. வலையமைப்புகள், பொதுவாக 30,000 முதல் 50,000 நோயாளிகளைக் கொண்டவை, இவர்களுக்கான சம்பளத்தைத் தேசிய நிதியிலிருந்து பெறுகின்றன. ஒருவர் ஆண்டுக்கு 200 முதல் 250 பேரைப் பார்ப்பார். பார்த்து எங்கே அனுப்புவார்? உங்கள் மண்டபத்துக்கு. அனுப்புபவருக்குச் சம்பளம் உண்டு. ஏற்றுக்கொள்பவருக்கு எதுவும் கிடையாது. வரும் பரிந்துரைகளை ஆறு மாதம் எண்ணி, அந்த எண்ணை 22.42ஆல் பெருக்கி, ஒருவர் எத்தனை வாரம் வருகிறார் என்பதாலும் பெருக்கி, வலையமைப்பின் முன் வையுங்கள். வாதத்தைவிட அந்த ஒற்றைத் தாள் அதிகம் பேசும்.

கூட்டணி இருக்கை

வாரியத்தோடு பேச வட்டார அளவில் தன்னார்வ அமைப்புகளின் கூட்டணிகள் இருக்கின்றன. புரிந்துணர்வு ஒப்பந்தம், குழுக்களில் இருக்கை எல்லாம் தருவார்கள். பணம் அல்ல. பகல் பத்து மணிக் கூட்டத்துக்குச் சம்பளம் வாங்கும் அதிகாரிகள் பத்துப் பேர், விடுப்பு எடுத்து வந்த தொண்டர் ஒருவர் என்ற காட்சி மாறாத வரை இது சிறு சங்கத்தின் நேரத்தைத் தின்னும் வழி. 2025 மார்ச்சில் வாரியங்களின் நிர்வாகச் செலவைப் பாதியாக வெட்டும் அறிவிப்பு வந்தது, என்.எச்.எஸ் இங்கிலாந்தையே கலைக்கும் முடிவும் அதே மாதம்தான். நீங்கள் இரண்டு ஆண்டாகப் பழகிய அதிகாரி அடுத்த கூட்டத்தில் இல்லாமல் போகலாம்.

ஆனாலும் ஒரே ஒரு காரியத்துக்கு இந்த இருக்கை வேண்டும். என்.எச்.எஸ் இனக்குறிப்பேட்டில் தமிழர் என்று பிரிவு இல்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் இந்தியர் ஆகிறார். யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலும் "ஏனைய ஆசியர்" பெட்டிக்குள் போய்விடுகிறார். புள்ளிவிவரத்தில் தெரியாத சமூகத்துக்குத் தேவை இருப்பதாகவும் தெரியாது. என்.எச்.எஸ்ஸின் ஏற்றத்தாழ்வுக் குறைப்புத் திட்டத்தில் உள்ளூர் அளவில் அடையாளம் காணும் குழுக்களுக்கு இடம் உண்டு, உயர் ரத்த அழுத்தத்தைக் கண்டுபிடிப்பது அதன் ஐந்து மருத்துவக் குறிகளில் ஒன்று. நோயாளி பேசும் மொழியையும் பதியுங்கள் என்று கேட்கவும், உங்கள் வருகைப் பதிவேட்டைச் சான்றாக வைக்கவும் ஆண்டில் இரண்டு கூட்டம் போதும். மற்றவற்றுக்கு ஹரோ, பிரெண்ட் சங்கங்கள் சேர்ந்து ஒருவரை அனுப்பலாம்.

நான்கிலும் இடறும் ஒரு கல்

எந்த வழியில் வந்தாலும் பலனை அளக்கச் சொல்வார்கள். வழக்கமாகத் தருவது தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் நான்கு கேள்விகள்: வாழ்க்கையில் திருப்தி, செய்வது பயனுள்ளதா, நேற்று மகிழ்ச்சியா, நேற்று மனப்பதற்றமா. விடை 0 முதல் 10 வரை. முதல் மூன்றுக்கும் 10 நல்லது, நான்காவதுக்கு 10 கெட்டது. மூன்றுக்கு வலப்பக்கம் வட்டம் போட்ட ஆச்சி நான்காவதுக்கும் அங்கேயே போடுவார். மூன்று மாதம் கூடலுக்கு வந்து பதற்றம் ஏறியதாக அறிக்கை சொல்லும். அந்தக் கேள்வியைத் தனித் தாளில் கேளுங்கள். "பதற்றம்" என்று அச்சடித்தாலும் ஈழத்து முதியவர்களிடம் "நேற்று யோசனையா இருந்ததா?" என்று கேட்டால்தான் சரியான விடை வரும். தமிழ்நாட்டவரிடம் அதே சொல் வேறு பொருள் தரும், அவர்களுக்குக் "கவலை". எந்தச் சொல்லால் கேட்டீர்கள் என்பதைத் தாளில் குறித்து வைத்து, ஆறு மாதம் கழித்தும் அதே சொல்லால் கேளுங்கள்.