பட்ஜெட் பிராண்டட் டெஸ்க்டாப்: டெல்டாக் கடைகளில் தாங்குமா?

கும்பகோணம் மண்டி, மன்னார்குடி உரக்கடை, திருவாரூர் அரிசி ஆலை என எங்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளை ஓட்ட வாங்குவது இந்த ரகம்தான்: ஐ3 பிராசசர், 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. பில் போட வேகம் தாராளம். குறையெல்லாம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது.

காரணம் லாபக் கணக்கு. 1984-ல் தொடங்கிய டெல், ஆர்டர் வந்த பிறகே பெட்டியைக் கோத்தது. வாடிக்கையாளர் பணம் முதலில் வரும். பாகம் கொடுத்தவருக்குப் பிறகுதான் போகும். போட்டியாளர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள், லேப்டாப்பும் கடையில் தொட்டுப் பார்த்து வாங்கும் பொருளானது; அந்த அனுகூலம் கரைந்தது. லாபம் மெலிந்த இந்தத் தொழிலில் ஐபிஎம் 2005-ல் பிசி பிரிவையே லெனோவாவுக்கு விற்றது. டெல் 2007-ல் வால்மார்ட் கடைகளுக்குப் போனது. பிராசசர் என்றால் இன்டெல் அல்லது ஏஎம்டி, விண்டோஸ் என்றால் மைக்ரோசாஃப்ட். அங்கே பேரம் பேச இடம் குறைவு. மிச்சம் பிடிப்பதெல்லாம் எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் மின்சாரம் கொடுக்கும் பாகம்), மதர்போர்டு, ராமில்தான்.

நம் பக்கம் முதலில் அடிவாங்குவது எஸ்எம்பிஎஸ். பம்புசெட்டுகள் ஒன்றாக ஓடும்போது வோல்டேஜ் இறங்கும், நின்றதும் ஏறும். சிறிய பெட்டிகள் பலவற்றில் 180 வாட் அளவில், அந்தக் கம்பெனிக்கே உரிய கனெக்டரோடு வருகிறது. போய்விட்டால் உள்ளூர்க் கடையில் கிடைக்கும் ஏடிஎக்ஸ் என்ற பொது அளவு எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. பாகம் வரும்வரை பில்லிங் நிற்கும். வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தானே சரிசெய்யும் 600 விஏ லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் இல்லாமல் இதை ஓட்டவே வேண்டாம். அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். லேசர் பிரின்டரை அதில் சொருகாதீர்கள், சூடேறும்போது இழுக்கும் கரண்டை அது தாங்காது.

ராம் பெரும்பாலும் ஒற்றை ஸ்டிக். பிராசசருக்கும் ராமுக்கும் நடுவே சேனல் (தகவல் போகும் பாதை) ஒன்றே ஓடுவதால் உள்ளடங்கிய கிராஃபிக்ஸ் திணறும். வாங்கும்முன் இரண்டாவது ஸ்லாட் காலியா என்று கேளுங்கள். அதே டிடிஆர் ரகம், அதே வேகத்தில் இன்னொரு 8 ஜிபி போட்டால் போதும். அறுவடைக் காலத்தில் நெல் தூசி, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கை அடைக்கும். மாதம் ஒருமுறை ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டால் பேரிங் போகும்.

வாரண்டி ஒரு வருடமா, மூன்று வருடமா, ஆன்சைட்டா (ஆள் கடைக்கே வந்து சரிசெய்வதா) என்று பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். நீட்டிப்பு வாரண்டி கம்பெனிக்கு நல்ல லாபம் தரும் சரக்கு. ஆனாலும் முத்துப்பேட்டை, வேதாரண்யம் போன்ற ஊர்க்காரர்களுக்கு ஆன்சைட் கொடுத்த காசுக்குத் தகும். தஞ்சாவூர், கும்பகோணத்தில் நம்பிக்கையான மெக்கானிக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அசெம்பிள் பெட்டியே மேல்: 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை வீணாக்காததற்கான தரச்சான்று) பெற்ற 450 வாட் எஸ்எம்பிஎஸ், நான்கு ராம் ஸ்லாட் போர்டு, ஒவ்வொரு பாகத்துக்கும் சீரியல் நம்பரோடு ஜிஎஸ்டி பில்.