சூடேறும் பக்கக் கண்ணாடி: முழு செட்டா, ஹீட்டர் பேடா?

பிக்கப்பின் பக்கக் கண்ணாடியில் பனி படியாமல் இருக்க இரண்டு வழிகள்: ஹீட்டர், இண்டிகேட்டர், மோட்டார் மடிப்பு சேர்ந்த முழு செட், அல்லது பழைய கண்ணாடியிலேயே ஒட்டும் 12 வோல்ட் ஹீட்டர் பேட் (மின்சாரத்தில் சூடேறும் மெல்லிய தகடு).

முழு செட்டை போல்ட் கழற்றி மாட்டுவது எளிது. சிக்கல் வயர்களை இணைக்கும் பிளக்கான கனெக்டரில்தான். பழைய பிளக்கில் பின்கள் குறைவென்றால், கதவுக்கும் பாடிக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் வழியே புது வயர்கள் இழுக்க வேண்டும். கதவை முழுக்கத் திறந்து வைத்து நீளம் பாருங்கள். விறைப்பாக விட்டால் நாளடைவில் அறுந்துவிடக்கூடும். வயரிங் படத்தோடு ஒவ்வொரு பின்னையும் சரிபார்க்காமல் பிளக்கைச் செருகவே கூடாது.

பேடுக்கு ஒரு பக்கத்துக்கு இரண்டே வயர். ஆனால் பலர் அதைப் பின்பக்க பிளாஸ்டிக் தட்டின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். சூடு கண்ணாடிக்குச் சரியாக வந்து சேராது. ஹீட் கன்னால் மெல்லச் சூடாக்கிக் கண்ணாடியைப் பிரித்து, ஆல்கஹாலால் துடைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் நேராகக் கண்ணாடியின் பின்புறத்திலேயே ஒட்டுங்கள். மின்சாரம் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக, சாவி போட்டால் மட்டும் வரட்டும். இல்லாவிட்டால் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்கிவிடும்.

சூடு மட்டும் போதுமென்றால் பேடே சரி. டிரெய்லர் இழுப்பவர்கள் நீளும் கைகொண்ட முழு செட்டுக்கே போகலாம்.