வெள்ளவத்தையில் தக்கோயாக்கி

ஜப்பானின் ஒசாக்கா நகரத்தில் ஏழு வருடம் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு நாக்கு தேடியதெல்லாம் தக்கோயாக்கியைத்தான். 1935 இல் அந்த நகரத்திலேயே பிறந்த தெருப் பலகாரம் அது. போன சனிக்கிழமை கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு சின்னக் கடையில் கண்டுபிடித்தேன்.

நம் குழிப்பணியாரச் சட்டி மாதிரியே வார்ப்பிரும்புச் சட்டி. குழி வழிய மாவை ஊற்றி, பேய்க்கணவாய்த் துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய் போடுகிறார் அந்தத் தம்பி. ஓரம் வெந்ததும் கூரான கம்பியால் கால்வட்டம் திருப்பி, வழிந்த மாவை உள்ளே தள்ளுகிறார். மறுபடி திருப்ப, உருண்டையாகிவிடுகிறது. அவசரப்படவே இல்லை. அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கடித்தால் வெளியே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே கூழ் போல. நாக்கைச் சுடும், கொஞ்சம் பொறுங்கள். மேலே தூவிய கட்சுவோபுஷி என்னும் மீன் சீவல் ஆவியில் நெளிகிறது. அதுவும் சூரை மீனை அவித்து, புகையூட்டிக் காயவைத்ததுதான். நம் மாசிக் கருவாட்டுக்குச் சொந்தம். கூட வந்த அம்மா முகர்ந்துவிட்டு, “இது மாசியெல்லோ!” என்றார். அப்புறம் நான்கு உருண்டை அவருக்கே போய்விட்டது.

சோஸ் இனிப்புக் கூடிவிட்டது, அது குறைதான். கேட்டால் குறைத்துப் போடுகிறார்கள். ஆறு உருண்டை 900 ரூபாய். ஒக்கோனோமியாக்கி என்ற ஜப்பானிய முட்டைக்கோஸ் அடையும் உண்டு, சுமார். பார்சல் மட்டும் கட்டாதீர்கள், வீட்டுக்கு வருவதற்குள் நமத்துவிடும். அங்கேயே நின்று சாப்பிடுங்கள்.