‘சர்வைவர்’ தமிழ்: நெட்போல் பிள்ளைகளோடு இருந்து பார்த்தது

‘சர்வைவர்’ நிகழ்ச்சியில் சண்டை நிறைய உண்டு. நான் எழுத வந்தது அதைப் பற்றி அல்ல. யாழ்ப்பாணத்தில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நெட்போல் பழக்குகிறேன். ஏழு பேரை ஒழுங்காகக் கதைத்து விளையாட வைப்பது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஜீ தமிழில் 2021 செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை போன ‘சர்வைவர்’ நிகழ்ச்சியை அந்தக் கண்ணோடுதான் இந்த விடுமுறைக்கு இரண்டாம் தரமும் பார்த்தேன்.

சான்சிபார் தீவில் காடர்கள், வேடர்கள் என்று இரண்டு அணி. தோற்கிற அணி தன் ஆட்களில் ஒருவரை வாக்களித்து வெளியேற்ற வேண்டும். நடத்தியவர் நடிகர் அர்ஜுன். கடைசியில் நடிகை விஜயலட்சுமி 1 கோடி ரூபாய் வென்றார்.

எனக்கு வேண்டியது அணிப் போட்டிகள். ஓடி, தூக்கி, முன்னுக்கு வந்த அணி புதிரை அடுக்கும் இடத்தில் தடுமாறி நிற்கும். எல்லாக் கையும் ஒரே துண்டுக்குப் போகும். சொல்ல எல்லோரும் இருப்பார்கள், கேட்க ஆள் இருக்காது. ஒருவர் இரண்டடி தள்ளி நின்று முழுவதையும் பார்த்துச் சொன்னால்தான் வேலை நடக்கும்.

2000 இல் தொடங்கிய அமெரிக்க சர்வைவரில் கண்கட்டுப் போட்டி ஒன்று அடிக்கடி வரும். ஒருவர் பார்த்துச் சொல்ல, கண்ணைக் கட்டிய மற்றவர்கள் பொருள்களைத் தேடி எடுக்க வேண்டும். அதை எங்கள் மைதானத்தில் செய்து பார்த்தோம். கண்ணைக் கட்டப் பாடசாலை ரை, தேடத் தண்ணீர்ப் போத்தல்கள். முதல் நாள் சொல்கிற பிள்ளை எதிரே நின்று “வலது, வலது” என்று கத்தினாள். அவளுடைய வலது இவர்களுக்கு இடது. இரண்டு பேர் தலையோடு தலை முட்டிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு முறை வைத்தோம்: முதலில் விளையாடும் இடத்தைக் காட்டச் சட்டையில் உள்ள எழுத்து, பிறகு ‘நில்’, பிறகு கேட்பவளின் கைப்பக்கம், கடைசியில் அடிக்கணக்கு. “சீ, நில். உன்ர இடக்கைப் பக்கம் மூன்று அடி.” மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. அன்றைக்கு ஒன்பது போத்தலில் எட்டு வந்தது.

நிகழ்ச்சியில் எனக்குள்ள பெரிய குறை சத்தம். போட்டி சூடு பிடிக்கும் நேரத்தில் பின்னணி இசை ஏறி, யார் யாருக்கு என்ன சொன்னார்கள் என்பதே கேட்பதில்லை. எனக்கு அதுதானே தேவை! வெளியேற்றப்பட்டவர்கள் போய் இருக்கிற ‘மூன்றாம் உலகம்’ என்ற தனித் தீவு நல்ல ஏற்பாடு. வெளியேற்றப்பட்டவர் அந்தத் தீவிலிருந்து திரும்பி வரவும் கூடும் என்பதால், ஒருவரை அனுப்பும்போது சொல்கிற காரணத்துக்கு ஒரு பெறுமதி இருக்கிறது.

பிள்ளைகளுக்குக் குழு விளையாட்டுப் பழக்குகிறவர்கள் கட்டாயம் பாருங்கள். இரண்டு அணியும் ஒன்றாகும் வரை பார்த்தால் காணும், அதற்குப் பிறகு ஆளுக்காள் ஆட்டம்தான். புதிர் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, “இதில் யார் சொல்ல வேண்டும்?” என்று கேளுங்கள். எங்களில் முதலில் சரியாகச் சொன்னவள் ஜீ.கே., அதாவது கோல் காப்பாளராக விளையாடுகிற பிள்ளை. கோர்ட்டின் கடைசியில் நின்று முழு ஆட்டத்தையும் பார்க்கிறவள் அவள்தான்.