சிம் லிம் ஸ்குவேரில் லினக்ஸ் டெர்மினல் கோளாறு பார்க்கும் கடை

ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கி சிம் லிம் ஸ்குவேருக்குள் போய், மேல் மாடியில் கேபிள் விற்கும் கடைகளைத் தாண்டினால் ஓரமாக ஒரு சின்னக் கடை. உபுண்டு என்ற லினக்ஸ் வகை போட்ட லேப்டாப்பைக் காட்டினால் முகம் சுளிக்காத இடம், அதுவே பெரிய விஷயம்.

என் பிரச்சினை இதுதான். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டி வேலை செய்யும் திரையில், அலுவலக சர்வருக்குள் எஸ்எஸ்ஹெச் (தொலைவில் உள்ள கணினிக்குள் நுழையும் வழி) வழியாகப் போனால் கோடு வரவேண்டிய இடத்தில் எல்லாம் q, x என்று வரிசையாக நிற்கும், தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரியும். வீட்டுப் பக்கத்தில் ஒரு கடையில் கிராஃபிக்ஸ் போயிடுச்சு, போர்டு மாத்தணும் என்றார்கள். இங்கே இருந்த அண்ணன் முதலில் கேட்டது, "சர்வருக்குள்ள போகாம இருக்கும்போது ஒழுங்கா தெரியுதா தம்பி?" தெரியும் என்றேன். அப்படியானால் திரை மேல் பழி இல்லை என்று சொல்லிவிட்டு, மொழி, எழுத்து அமைப்பைக் காட்டும் 'லோக்கேல்' கட்டளையைத் தட்டினார்.

சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுத்து உபுண்டு நிறுவினால் அது en_SG.UTF-8 என்ற அமைப்பை எடுத்துக்கொள்கிறது, எஸ்எஸ்ஹெச் அதையே சர்வருக்கும் அனுப்பிவைக்கிறது, அங்கே அது நிறுவப்படாததால் பழைய 'சி' அமைப்புக்குப் போய் ஆங்கில எழுத்தைத் தவிர எல்லாவற்றையும் கைவிட்டுவிடுகிறது. சர்வரில் எனக்கு ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லை என்றதும், அங்குள்ள என் பாஷ்ஆர்சி கோப்பில் (டெர்மினல் தொடங்கும்போது படிக்கப்படும் அமைப்புக் கோப்பு) மொழி அமைப்பைச் சொல்லும் LANG மதிப்பை C.UTF-8 ஆக்கினார். கோடுகள் கோடுகளாக வந்தன.

நீளமான கட்டளை அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் மேலேயே ஏறி எழுதுவதையும் கையோடு சரிசெய்தார். கட்டளை தட்டும் இடத்துக்கு முன்னால் வரும் பிராம்ப்டில் வண்ணம் சேர்க்கும் குறியீடுகளைச் சுற்றி \[ \] இல்லாவிட்டால் கட்டளைகளை வாங்கி இயக்கும் பாஷ் நிரல் அவற்றையும் எழுத்தாக எண்ணிவிடுமாம். எழுத்தாகப் படிக்க முடியாத பைனரி கோப்பைத் தெரியாமல் 'கேட்' கட்டளையால் திரையில் கொட்டி திரை முழுக்கக் குப்பையானால், தட்டுவது தெரியாவிட்டாலும் பரவாயில்லை, reset என்று அடித்து என்டர் தட்டச் சொன்னார். இதற்கெல்லாம் தனிக் காசு இல்லை, மொத்தம் 40 வெள்ளி.

குறையும் உண்டு. டெர்மினலில் 'கொ' எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்பது அப்படியேதான் இருக்கிறது. கட்டம் கட்டமாக எழுத்தை அடுக்கும் நிரலில் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, எம்எல்டெர்ம் என்ற வேறொரு டெர்மினல் போட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். அப்புறம் காத்திருப்பு. ஒரே ஆள், முன்பதிவு கிடையாது, சனிக்கிழமை போனால் லிட்டில் இந்தியாவின் தேக்கா வரை நடந்து சாப்பிட்டுவிட்டே திரும்பி வரலாம். வார நாளில் மதியத்துக்கு முன் போங்கள், சர்வர் முகவரியும் கடவுச்சொல்லும் கையில் இருக்கட்டும், அவர் கண்ணெதிரே உள்ளே போய்க் காட்டச் சொல்வார்.