கால் பரத்திக் கிடக்கும் நாய்க்குட்டி: தரையா, டேப்பா, கை வைத்தியமா?

கண் திறந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. கூடப் பிறந்தவை எல்லாம் தள்ளாடித் தள்ளாடி நாலடி வைக்கின்றன. ஒன்று மட்டும் வயிறு தரையில் பட, கால்களைப் பக்கவாட்டில் பரத்திக்கொண்டு தவளை போலக் கிடக்கிறது. நகர வேண்டுமென்றால் கைகாலை உதறி நீந்தப் பார்க்கிறது. நாய் வளர்ப்பவர்கள் இதை ‘ஸ்விம்மர் பப்பி’ என்பார்கள். விசாரித்தால் ஆளுக்கொரு வைத்தியம் வரும்: காலைச் சேர்த்துக் கட்டு, தண்ணீரில் விடு, துணியில் தொங்கவிடு, கால்சியம் ஊற்று, தானாகச் சரியாகிவிடும் விடு. எல்லாவற்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. எதை முதலில் செய்வது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் வழுக்காத தரை, கூடவே கையால் பயிற்சி, அதற்கப்புறம்தான் காலைச் சேர்த்துக் கட்டும் டேப்.

பதறுவதற்கு முன் குட்டியின் வயதைக் கணக்குப் பாருங்கள். முதல் பத்து நாள் எந்தக் குட்டியும் வயிற்றால்தான் நகரும். பத்து நாள் வாக்கில் முன்னங்கால் உடம்பைத் தாங்கத் தொடங்கும், இரண்டு வாரம் தாண்டியதும் பின்னங்கால். மூன்று வாரத்தில் ஆட்டம் கண்டாலும் நடந்துவிடும். எட்டு நாள் குட்டி தவழ்கிறதே என்று டேப்பைத் தூக்குவது அவசரம். பதினெட்டு, இருபது நாளாகியும் பின்பக்கத்தை ஒரு முறைகூடத் தூக்கவில்லை என்றால் இறங்கி வேலை செய்ய வேண்டும்.

இந்தக் கோளாறுக்கு ஒற்றைக் காரணம் கிடையாது. தசையும் நரம்பும் முதிர்வதில் தாமதம், பரம்பரை, வழுக்கும் தரை, அதிக எடை எனப் பலவும் சேர்கின்றன. சுருக்கமாகச் சொன்னால், காலை உள்பக்கம் இழுத்துப் பிடிக்கும் தசைகள் வலுப்பெறும் முன்பே உடம்பு கனத்துவிடுகிறது. டாஷ்ஹண்ட், புல்டாக், பிரெஞ்சு புல்டாக், பாசெட் ஹவுண்ட், பெக்கினீஸ் போன்ற குட்டைக்கால் வகைகளில் இது கூடுதல். லேப்ரடாரிலும் வரும். ஒற்றைக் குட்டியாகப் பிறந்து, போட்டியே இல்லாமல் பால் குடித்துக் கொழுத்ததுக்கும் வாய்ப்பு அதிகம்.

சும்மா விடலாமா?

லேசான கேஸ்கள் தானாகத் தேறியதுண்டு. ஆனால் எது லேசு என்பது தேறிய பிறகுதான் தெரியும். அதோடு, காலைவிட எனக்கு மார்பைப் பற்றித்தான் பயம் அதிகம். இந்த வயதில் விலா எலும்புகள் மெத்தென்று இருக்கும். நாள் முழுக்கக் குப்புறக் கிடந்தால் நெஞ்சுக்கூடு மேலிருந்து கீழாகத் தட்டையாகும், இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடம் நெருக்கடியாகும். பால் குடித்ததும் கக்குவது, குடிக்கும்போதே மூச்சு வாங்குவது எல்லாம் அதன் அடையாளம். மூட்டுகளும் பரத்திய நிலையிலேயே இறுகத் தொடங்கும். இரண்டு, மூன்று வார வயதிலேயே வைத்தியம் தொடங்கிய குட்டிகள் பெரும்பாலும் சில வாரங்களில் நடந்துவிடுகின்றன. தாமதிக்கத் தாமதிக்க வேலை கடினமாகிக்கொண்டே போகும். தரையை மாற்றுவதற்கு ஒரு செலவும் இல்லை, ஒரு கெடுதலும் இல்லை. அப்படியிருக்க எதற்குக் காத்திருப்பது?

தரை, டேப்: இரண்டையும் பக்கத்தில் வைத்தால்

கால் பரத்திய குட்டி என்றதும் பத்தில் ஒன்பது பேர் டேப் என்பார்கள். பார்க்க வைத்தியம் போல இருப்பது அதுதான். தரையைச் சொன்னால் “இதெல்லாம் ஒரு மருந்தா” என்கிற மாதிரி பார்ப்பார்கள். நம் வீடுகளில் டைல்ஸ், மொசைக், கிரானைட். குட்டி போட்ட இடத்தில் செய்தித்தாள் விரிப்பதும் பழக்கம். முதல் வாரத்துக்கு அது சௌகரியம்தான், நனைந்தால் சுருட்டி எறிந்துவிடலாம். காலூன்றும் வயதில் அதைவிட மோசமான விரிப்பு இல்லை. குட்டி பின்னங்காலால் உந்துகிறது, தாள் நழுவுகிறது, கால் வெளியே போகிறது. ஒவ்வொரு முயற்சியிலும் தசை தப்பான பாடத்தைப் படிக்கிறது.

மாற்று என்ன? கோணிச்சாக்கில் பிடிமானம் நன்றாக இருக்கும். ஆனால் நனைந்தால் நாறும், பிரிந்த நூல் விரலில் சுற்றி ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடக்கூடும். தென்னைநார் மேட் உறுதிதான், வயிற்றுத் தோலைத் தேய்த்துப் புண்ணாக்கும். யோகா மேட் வழுக்காது, கழுவலாம், ஆனால் மூத்திரம் மேலேயே தேங்கும். குப்புறக் கிடக்கும் குட்டிக்கு அந்த ஈரம் வயிற்றையும் தொடையையும் வெந்துபோகச் செய்துவிடும். ரப்பர் மேட் அல்லது யோகா மேட்டின் மேல் பருத்தி டர்க்கி டவலைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஓரங்களை அடியில் செருகுவதுதான் என் தேர்வு. நூல் தொங்காத டவலாகப் பாருங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். மேடு பள்ளமான ஃபோம் கிடைத்தால் மார்புக்கு அது இன்னும் நல்லது. நெஞ்சில் ஒரே இடத்தில் அழுத்தம் விழாது, நகர வேண்டுமென்றால் குட்டி காலைப் பயன்படுத்தியே ஆகவேண்டும். பல் முளைத்ததும் கடித்துப் பிய்க்கும், அப்போது எடுத்துவிடலாம்.

இனி டேப். சரியாகப் போட்டால் வேலை செய்யும், அதை மறுக்கவில்லை. குதிகால் மூட்டை ஒட்டி, இரண்டு பின்னங்கால்களையும் எட்டு வடிவத்தில் தளர்வாகச் சுற்றி, நடுவில் ஒரு பாலம் விடுவார்கள். அந்தப் பாலத்தின் நீளம்தான் முழு விஷயமும். குட்டியை வயிற்றில் தாங்கி நிற்க வைத்தால் கால்கள் இடுப்பு அகலத்தில், நேர் கீழே இருக்க வேண்டும். ஒட்டிப் பிடித்தால் குட்டி கவிழும், அகலமாக விட்டால் கட்டியும் பிரயோஜனம் இல்லை. ரோமத்தைப் பிடுங்காத மைக்ரோபோர் டேப்போ, தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பேண்டேஜோ போதும். ரப்பர் பேண்ட், நூல், செலோடேப் பக்கமே போகாதீர்கள்.

ஆபத்து எங்கே என்றால், இந்த வயதில் குட்டி நாளுக்கு நாள் பருக்கிறது. முந்தாநாள் தளர்வாக இருந்த சுற்று இன்று இறுக்கம். காலையும் மாலையும் விரல்களைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ, உப்பியிருந்தாலோ, நிறம் மாறியிருந்தாலோ உடனே வெட்டி எடுத்துவிட வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டாலும் இரண்டு மூன்று நாளுக்கொரு முறை மாற்ற வேண்டும். தாய்நாய்க்கு வேறு டேப் என்றால் பிடிக்காது, நக்கியே அவிழ்த்துவிடும். முதல் கட்டை மருத்துவர் கையால் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பதையும் அவரே குட்டியைப் பார்த்துச் சொல்லட்டும்.

இரண்டையும் ஒன்றாக நிறுத்திப் பார்த்தால் எனக்குத் தெரிவது இதுதான்: தரையை மட்டும் மாற்றி, கையால் பயிற்சி கொடுத்தே லேசான கேஸ் தேறலாம். வழுக்கும் தரையில் டேப்பை மட்டும் போட்டால் குட்டி இரண்டு காலும் சேர்ந்து ஒரே பக்கம் சறுக்கும். தரை இல்லாமல் டேப்புக்கு மதிப்பில்லை.

கை

செலவில்லாதது, சலிப்பூட்டுவது, அதனாலேயே பாதியில் விடப்படுவது. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, வேளைக்கு ஐந்து பத்து நிமிடம். குட்டியை மடியில் மல்லாத்தி, தொடையின் உள்பக்கத்தை விரல் நுனியால் மெதுவாகப் பிடித்துவிடுங்கள். பின்னங்காலை உடம்புக்கு அடியில் கொண்டுவந்து, சைக்கிள் மிதிப்பது மாதிரி மடக்கி நீட்டுங்கள். மடங்காத இடத்தில் பலவந்தம் வேண்டாம். மென்மையான டூத்பிரஷ்ஷால் பாதத்தின் அடியைத் தேய்த்தால் குட்டி காலை இழுத்துக்கொள்ளும். அந்த இழுப்புதான் நமக்கு வேண்டிய உடற்பயிற்சி. கடைசியாக வயிற்றில் கைகொடுத்து நாலு காலும் தரையில் படும்படி சில நொடி நிற்க வையுங்கள்.

எண்ணெய் போடலாமா என்று கேட்பார்கள். தேய்ப்பதால் வரும் பலன் கையால் வருவது, எண்ணெயால் இல்லை. எண்ணெய்க் காலில் டேப் நிற்காது என்பது தனித் தொல்லை.

தூங்கும்போது ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். முதுகுப் பக்கம் சுருட்டிய துண்டு ஒன்று, வயிற்றுப் பக்கம் ஒன்று. புரண்டு குப்புற விழும், மறுபடி திருப்புங்கள். மார்பைக் காப்பாற்றுவதில் டேப்பைவிட இதற்குத்தான் பங்கு அதிகம்.

தண்ணீரும் தூளியும்

வெதுவெதுப்பான தண்ணீரில் கையால் தாங்கி மிதக்க விட்டால், உடல் எடை இல்லாமல் கால்கள் அசையும். நல்ல பயிற்சிதான். ஆனால் முதல் இரண்டு வாரம் குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. நனைந்து குளிர்ந்தால் கால் போகட்டும், உயிருக்கே ஆபத்து. மூக்கில் தண்ணீர் ஏறினால் நிமோனியா வரலாம். ஆகவே மூன்று வாரத்துக்கு முன் வேண்டாம். அதற்கப்புறமும் சில நிமிடம்தான், முகம் நனையக்கூடாது, முடித்ததும் ரோமம் வேர்வரை காயத் துடைக்க வேண்டும். தரையும் கையும் ஓரளவு பலன் கொடுத்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

துணியில் நாலு ஓட்டை போட்டுத் தொங்கவிடும் தூளி பார்க்க அழகாக இருக்கும். உயரம் ஒரு விரல் கூடினால் கால் அந்தரத்தில் ஆடும், எடை தாங்கிப் பழகாது. குறைந்தால் வயிறு தரையில் இழுபடும். கண்பார்வையில் சிறிது நேரம் மட்டும் என்றால் சரி. தூளியில் விட்டுவிட்டுச் சமையலுக்குப் போவது கூடாது.

எடையும் மருந்தும்

சமையலறைத் தராசில் தினமும் எடை பார்த்து எழுதி வையுங்கள். கூடப் பிறந்தவற்றைவிட இந்தக் குட்டி கனமாக ஏறிக்கொண்டே போனால், தாய்ப்பாலோடு பாட்டில் பாலும் புகட்டுவதை நிறுத்துங்கள். பட்டினி போடச் சொல்லவில்லை. தாயின் மடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குப் பதில் ஓரடி தள்ளி விட்டால், பாலுக்காகவே உந்தும்.

கால்சியம் சிரப்தான் நம் ஊரில் முதலில் கைக்கு வருவது. கால் விரிவது கால்சியம் குறைவால் இல்லை. இந்த வயதில் குடல் கூடுதல் கால்சியத்தைத் தடுக்கத் தெரியாமல் உள்ளே விட்டுவிடும். பெரிய வகை நாய்களில் அதுவே எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். வைட்டமின் ஈ, செலினியம் ஊசி சில இடங்களில் போடுகிறார்கள். பலனுக்கு வலுவான ஆதாரம் இல்லை, செலினியம் அளவு மீறினால் நஞ்சு. மருத்துவர் சொல்லாமல் வேண்டாம்.

இவை எதுவுமே பொருந்தாத குட்டிகள்

ஒரு கால் மட்டும் தொங்கினால், தாய் மிதித்ததோ மேலே படுத்ததோ எலும்பை முறித்திருக்கலாம். மூட்டு வீங்கிச் சூடாக இருந்து, தொட்டால் கத்தினால் கிருமித்தொற்றாக இருக்கலாம். பாதம் உப்பிக் கறுத்தால் தொப்புள்கொடியோ நூலோ சுற்றியிருக்கிறதா என்று ரோமத்தை விலக்கிப் பாருங்கள். முழங்கால் பின்பக்கமாக வளைந்திருந்தால் சாதாரண எட்டுக் கட்டு போதாது, மூட்டை மடக்கிப் பிடிக்கும் வேறு கட்டு தேவைப்படலாம்.

நடந்துகொண்டிருந்த குட்டியின் பின்னங்கால்கள் திடீரென்று நீட்டி விறைத்து, நாளுக்கு நாள் மோசமானால் அதுதான் எல்லாவற்றிலும் அவசரம். நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி தாயின் வயிற்றிலேயே தொற்றி இப்படிச் செய்யும். விறைத்த பிறகு மருந்து கொடுத்தால் முழுதாகத் திரும்புவது கடினம். இந்தக் குட்டிக்குக் கட்டுப் போட்டுக் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம்.

மருத்துவரிடம் போகும்போது எடை எழுதிய தாளோடு, குட்டி வீட்டில் நகரும் வீடியோவும் கொண்டுபோங்கள். மருத்துவமனையின் மேசை வழவழப்பான ஸ்டீல். அதன்மேல் வைத்தால் நன்றாக நடக்கும் குட்டிகூட ஸ்விம்மர் போலத்தான் தெரியும்.